மடிக்கணினி ஒலியில் சடசடப்பு: டிரைவர் தாமதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சுருதிமீட்டி:

வணக்கம் நண்பர்களே. நான் இணையவழியில் கர்நாடக இசை வாய்ப்பாட்டு வகுப்பு நடத்தி வருகிறேன். வகுப்பு நேரம் முழுவதும் தம்புரா ஒலியை மடிக்கணினியிலிருந்தே ஓடவிடுவது வழக்கம். சில வாரங்களாக அந்தச் சுருதிக்கு நடுவே ‘சட்’ என்று ஒரு வெடிப்பு கேட்கிறது. சில நேரம் ஒற்றையாக வரும். சில நேரம் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் தொடர்ச்சியாக வந்து அடங்கிவிடும்.

இதுவரை நான் பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அதே தம்புராக் கோப்பு கைப்பேசியில் பழுதின்றி ஒலிக்கிறது. மடிக்கணினியில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வெடிப்பு வருகிறது. ஸ்பீக்கரில் மட்டுமன்றி ஹெட்ஃபோனிலும், மைக் இணைத்திருக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸிலும் அப்படியேதான் இருக்கிறது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவிலும் வெடிப்பு ஏறிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பயன்பாடு பெரும்பாலும் 10 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ரேம் 16 ஜிபி, இயங்குதளம் விண்டோஸ் 11. கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். ஹெட்ஃபோனிலும் கேட்கும் ஒன்றுக்கு ஸ்பீக்கர் எப்படிக் காரணமாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கணிமுகில்:

வணக்கம். தாங்கள் தந்திருக்கும் விவரங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டன. ஸ்பீக்கரை மாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம். கைப்பேசியில் கோப்பு சரியாக ஒலிப்பதால் கோப்பில் குறையில்லை. மூன்று வெவ்வேறு வெளியீடுகளிலும் ஒரே குறை வருவதால் ஸ்பீக்கரிலும் குறையில்லை. ஒவ்வொரு முறையும் இடம் மாறி வருவதும், பிராசஸர் ஓய்வாக இருக்கும்போதே வருவதும், ஒலித் தரவு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதையே காட்டுகின்றன.

ஒலி கணினிக்குள் துண்டு துண்டாகவே நகர்கிறது. விண்டோஸின் ஒலி எந்திரம் வழக்கமாக 10 மில்லிநொடிக்கு ஒரு துண்டைத் தயாரிக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் ஒரு துண்டுக்கு 480 மாதிரிகள் வரும். ஒரு துண்டு ஒலித்து முடிவதற்குள் அடுத்தது பஃபர் என்னும் தற்காலிகச் சேமிப்பிடத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். வராவிட்டால் அலை நடுவில் அறுந்து, அந்த அறுந்த முனையே காதில் ‘சட்’ என்று விழுகிறது. ரீப்பர் போன்ற மென்பொருளில் பஃபரை 128 மாதிரிகளாக வைத்திருந்தால் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 2.7 மில்லிநொடி மட்டுமே. டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரிப் பயன்பாடு. ஒரு நொடியில் 990 மில்லிநொடி பிராசஸர் சும்மா இருந்து, ஒலிக்குத் தேவைப்பட்ட அந்த 10 மில்லிநொடியில் கைக்குக் கிடைக்காமல் போனால், சராசரி 1 விழுக்காடுதான் காட்டும், ஒலியோ அறுந்திருக்கும்.

அந்த நேரத்தில் பிராசஸரைப் பிடித்து வைத்திருப்பது யார் என்பதுதான் கேள்வி. வைஃபை அட்டை, எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ், டச்பேட் என ஒவ்வொரு கருவியும் தனக்கு வேலை வரும்போது பிராசஸருக்கு இன்டரப்ட் என்னும் குறுக்கீட்டுச் சைகையை அனுப்பும். உடனே அந்தக் கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரில் உள்ள ஐஎஸ்ஆர் என்னும் சிறு பகுதி இயங்கி, மிக அவசரமானதை மட்டும் முடித்துவிட்டு, மீதியை டிபிசி என்னும் ஒத்திவைக்கப்பட்ட வேலையாக வரிசையில் போடும். ஐஎஸ்ஆர் 25 மைக்ரோநொடிக்குள்ளும் டிபிசி 100 மைக்ரோநொடிக்குள்ளும் முடிய வேண்டும் என்பது டிரைவர் எழுதுவோருக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் நெறி. பிராசஸருக்குள் தனித்தனியே இயங்கும் பகுதிகளான கோர்களில் ஒன்றில் டிபிசி ஓடும்வரை, எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை பெற்ற நிரலாக இருந்தாலும் அந்தக் கோரில் இயங்க முடியாது. சரியாக எழுதப்படாத ஒரு டிரைவர் வன்பொருளின் பதிலுக்காகக் காத்துக்கொண்டு சில மில்லிநொடிகளை அங்கேயே கழித்தால், அதற்கும் ஒலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் பாதிக்கப்படுவது ஒலிதான். மின்னஞ்சலோ இணையப் பக்கமோ 5 மில்லிநொடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. தம்புராவின் இடைவிடாத ஒலியில் அது உடனே தெரியும். தங்கள் யூஎஸ்பி இன்டர்ஃபேஸிலும் இதே குறை வருவதற்குக் காரணம், அதற்கான தரவையும் இதே பிராசஸர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். ரெஸ்ப்ளெண்டென்ஸ் நிறுவனத்தின் லேட்டன்சிமான் என்ற கருவியை நிறுவி, வகுப்பு நடக்கும் அதே சூழலில், அதாவது சார்ஜர் இணைத்து, வைஃபை ஓடிக்கொண்டு, தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும்போது, கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். பிறகு டிரைவர்கள் பட்டியலுக்குச் சென்று, அதிகபட்ச இயக்க நேரம் என்ற நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தி, மேலே வரும் பெயர்களை இங்கே எழுதுங்கள். தெசிகான் நிறுவனத்தின் பழைய டிபிசி அளவிக் கருவியைப் பல தளங்கள் இன்றும் பரிந்துரைக்கின்றன. விண்டோஸ் 8 முதல் அதன் அளவீடு சரியாக வராது என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

செந்தூரன்:

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒலி எந்திரத்தை ஓட்டும் ஆடியோ டிவைஸ் கிராஃப் என்ற விண்டோஸ் நிரலுக்கு டாஸ்க் மேனேஜரில் முன்னுரிமையை ‘ஹை’ என்று மாற்றி, எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று வரையறுக்கும் அஃபினிட்டியில் ஒரே ஒரு கோரை மட்டும் ஒதுக்கினால் சடசடப்பு நின்றுவிடும். எனக்கு நின்றது. கூடவே பவர் பிளானை ‘அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றி, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் மல்டிமீடியா அமைப்புகளைத் திருத்தும் கோப்பு ஒன்று இணையத்தில் கிடைக்கிறது, அதையும் ஓடவிடுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவதே நல்லது.

கணிமுகில்:

செந்தூரன் அவர்களே, அந்த அஃபினிட்டி முறை தங்களுக்குப் பலன் தந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அது ஏன் பலன் தருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கணினிகளில் இன்டரப்ட்களும் அவற்றின் டிபிசிகளும் முதல் கோரிலேயே, அதாவது 0 என்ற எண்ணுள்ள கோரிலேயே குவிகின்றன. ஒலி எந்திரத்தை வேறொரு கோருக்கு நகர்த்தினால் நெரிசலிலிருந்து அது தப்பிக்கிறது. பலன் அங்கிருந்து வருகிறது. முன்னுரிமையை உயர்த்தியதால் ஆனது ஒன்றுமில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே மல்டிமீடியா ஷெட்யூலர் சேவை ஒலி நிரல்களுக்கு உயர்ந்த முன்னுரிமையைக் கொடுத்துத்தான் வருகிறது. முன்னுரிமை என்பது நிரல்களுக்குள் நடக்கும் போட்டி. டிபிசி அந்தப் போட்டிக்கே வெளியே நிற்கிறது. மேலும், ஒலிக் கருவியின் சொந்த டிபிசியும் அதே முதல் கோரில் வரிசையில் நின்றால், எந்திரத்தை நகர்த்தியும் பயனிராது. கணினியை அணைத்துப் போட்டால் அந்த அமைப்பும் மறைந்துவிடும்.

முன்பின் தெரியாத ரெஜிஸ்ட்ரி கோப்பை ஓடவிடும் யோசனையை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன். வகுப்பு நடத்தி வாழ்வை ஓட்டும் ஒருவரின் கணினி அது. அதில் என்னென்ன மாற்றப்பட்டன என்பதே தெரியாத நிலையில் அடுத்த பிரச்சினைக்கு யாராலும் உதவ முடியாது. விண்டோஸை மறுபடி நிறுவினாலும், விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிடும்.

சுருதிமீட்டி:

லேட்டன்சிமானை ஓடவிட்டேன். சில நிமிடங்களிலேயே சிவப்புப் பட்டை வந்து, இந்தக் கணினி நிகழ்நேர ஒலிக்கு ஏற்றதாக இல்லை என்று அறிவித்துவிட்டது. பட்டியலின் உச்சியில் என்டிஐஎஸ் என்ற கோப்பு. அதிகபட்ச இயக்க நேரம் 4 மில்லிநொடிக்கு மேல். அடுத்து ஏசிபிஐ என்ற கோப்பு. ஒன்றரை மில்லிநொடிக்கு அருகில். மூன்றாவதாக டபிள்யூடிஎஃப் என்று தொடங்கும் கோப்பு, அரை மில்லிநொடிக்கும் கீழே. ஒலி டிரைவரின் பெயர் பட்டியலில் வெகு கீழேதான் வருகிறது.

இதில் எனக்கொரு குழப்பம். என்டிஐஎஸ், ஏசிபிஐ இரண்டும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கோப்புகள் என்றே காட்டுகிறது. அப்படியானால் விண்டோஸிலேயே குறையா?

கணிமுகில்:

மிக நல்ல கேள்வி. இந்தக் கருவியைப் பயன்படுத்துவோரில் பலர் வழுக்கி விழும் இடமே இதுதான். என்டிஐஎஸ் என்பது எல்லா நெட்வொர்க் டிரைவர்களும் ஏறிச் செல்லும் பொதுப் பாலம். வைஃபை அட்டையின் டிரைவர் செய்யும் தாமதம் அந்தப் பாலத்தின் கணக்கிலேயே எழுதப்படும். டபிள்யூடிஎஃப் என்பதும் அப்படியே பல கருவிகளுக்கான பொதுச் சட்டகம். அதற்குப் பின்னால் டச்பேடும் இருக்கலாம், யூஎஸ்பி கருவியும் இருக்கலாம். கிராஃபிக்ஸுக்கு டைரக்ட்எக்ஸ் கர்னல் கோப்பும், டிஸ்க்குக்கு ஸ்டோர்போர்ட் கோப்பும் இதே நிலையில் இருப்பவை. பட்டியலில் தெரிகிற பெயரை இணையத்தில் தேடி, அந்தக் கோப்பையே பதிவிறக்கி மாற்ற முயல்வோரும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். விண்டோஸின் மூலக் கோப்பை அந்நியத் தளத்திலிருந்து எடுத்து மாற்றுவது ஆபத்து.

தங்கள் கணினியில் என்டிஐஎஸ் பாலத்தில் செல்லும் கருவிகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும்: வைஃபை, கம்பி வழி நெட்வொர்க் துளை, ஒருவேளை விபிஎன் மென்பொருள் நிறுவியிருக்கும் போலி அட்டை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, தம்புராக் கோப்பை ஓடவிட்டு, முதலில் வைஃபை அட்டையை ‘டிசேபிள்’ செய்யுங்கள். விமானப் பயன்முறை போதாது. அது ரேடியோவை அணைக்குமே தவிர, டிரைவர் உள்ளே ஏறிய நிலையிலேயே இருக்கும். டிசேபிள் செய்தால்தான் டிரைவர் முழுமையாக விலகும். பிறகு லேட்டன்சிமானை நிறுத்தி, புதிதாகத் தொடங்கி, அதே அளவு நேரம் காத்திருங்கள். பழைய அதிகபட்ச எண் அழியாமல் இருந்தால் மாற்றமே இல்லாததுபோல் தோன்றும் என்பதால் புதிதாகத் தொடங்குவது முக்கியம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவி. முடிவைக் குறித்துக்கொண்டு, அதை இயக்கிவிட்டு, அடுத்ததற்குச் செல்ல வேண்டும். டிஸ்க் கன்ட்ரோலர், பிராசஸர், சிஸ்டம் டிவைஸ் என்ற தலைப்பின் கீழ் பெயர் புரியாத எதையும் தொடாதீர்கள்.

காதை மட்டும் நம்பாமல் சடசடப்பைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 440 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் குறைந்த ஒலி அளவில் உருவாக்கி ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு அருகில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை ஆடாசிட்டியில் திறந்து அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால், சைன் அலை இடமிருந்து வலமாக ஒரே நேர்கோடாகத் தெரியும். அலை அறுந்த ஒவ்வொரு கணத்திலும், கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்களையும் வெட்டிச் செல்லும் மெல்லிய செங்குத்துக் கோடு விழுந்திருக்கும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தால் ‘கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கிறது’ என்ற மயக்கத்துக்கு இடமிருக்காது.

நெய்தல்நிலவன்:

இடையில் புகுந்ததற்குப் பொறுக்கவும். ஏசிபிஐ கோப்பும் பட்டியலில் இருப்பதால் சொல்கிறேன். என் மடிக்கணினியில் தாமதம் முழுவதும் அதிலிருந்தே வந்தது. டிவைஸ் மேனேஜரில் ‘பேட்டரிகள்’ என்ற தலைப்பின் கீழ் ஏசிபிஐ கன்ட்ரோல் மெதட் பேட்டரி என்று ஒன்று இருக்கும். அதை டிசேபிள் செய்ததுமே சடசடப்பு முற்றாக நின்றது. நெடுநாளாக அப்படியேதான் வைத்திருக்கிறேன். சுருதிமீட்டி அவர்களும் இதையே செய்துவிடலாம்.

கணிமுகில்:

இது சோதனையாகச் செய்வதற்கு மிகச் சிறந்தது. நிலையான தீர்வாக வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கருவியை முடக்கினால் பேட்டரியில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பது விண்டோஸுக்குத் தெரியாமல் போகும். எச்சரிக்கையும் வராது, சார்ஜ் தீரும்போது கணினி தானாக உறக்கத்துக்கோ ஹைபர்னேட்டுக்கோ போகாது. வகுப்பின் நடுவே மின்சாரம் போனால், சிறிது நேரத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திரை கறுத்துவிடும். எப்போதும் யூபிஎஸ்ஸில் இணைந்திருக்கும் ஸ்டூடியோக் கணினி என்றால் பரவாயில்லை.

சுருதிமீட்டி:

முடிவுகளை எழுதுகிறேன். வைஃபை அட்டையை முடக்கியதும் என்டிஐஎஸ் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது, அதிகபட்சம் 0.1 மில்லிநொடிகூட இல்லை. அட்டையை முடக்கி, கம்பி வழி இணையத்தில் வகுப்பு நடத்திப் பார்த்தேன். தொடர்ச்சியாக வரும் சடசடப்பு முற்றாக மறைந்துவிட்டது. ஆனால் ஒற்றை ‘சட்’ மட்டும் எப்போதாவது வருகிறது. சைன் அலைப் பதிவில் அந்தச் செங்குத்துக் கோடுகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் விழுந்திருப்பதைப் பார்த்தேன். நெய்தல்நிலவன் அவர்கள் சொன்ன பேட்டரிக் கருவியை முடக்கினால் இடைவெளி அதிகமாகிறது, முழுவதும் போகவில்லை.

வைஃபையை நிரந்தரமாக முடக்க முடியாது. வீட்டில் ரௌட்டர் வேறு அறையில் இருக்கிறது. கம்பியைத் தரையில் இழுத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்தேன்.

கணிமுகில்:

அருமை. இப்போது குற்றவாளிகள் இருவர் என்று தெளிவாகிவிட்டது. தனித்தனியாகவே அணுக வேண்டும்.

முதலில் வைஃபை. ‘லேட்டஸ்ட் டிரைவரை நிறுவுங்கள்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. சில வாரங்களுக்கு முன்புவரை தங்களுக்குப் பிரச்சினை இல்லை என்பதால், எனக்கு எதிர்த்திசையே சரியென்று படுகிறது. டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பண்புகளைத் திறந்து, டிரைவர் தாவலில் அதன் தேதியைப் பாருங்கள். குறை தொடங்கிய காலத்துக்குச் சற்று முன்னதாக அது மாறியிருந்தால், ‘ரோல்பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்திப் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு கணினியில் இல்லை என்று பொருள். அப்போது மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் தங்கள் மாடலுக்கான பக்கத்திலிருந்து முந்தைய பதிப்பை எடுக்கலாம். அதே பண்புகளில் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ரோமிங் அக்ரசிவ்னஸ் என்ற அமைப்பு சில அட்டைகளில் உண்டு. அது உயர்வாக இருந்தால், சிக்னல் சற்றே குறையும்போதெல்லாம் அட்டை வேறு ரௌட்டர் கிடைக்குமா என்று அலைவரிசைகளைத் துழாவத் தொடங்கிவிடும். ரௌட்டர் அடுத்த அறையில் இருக்கும் தங்கள் வீட்டில் இது அடிக்கடி நடக்க வாய்ப்புண்டு. அதைக் கீழே இறக்கி வையுங்கள்.

அடுத்தது ஏசிபிஐ. இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. பேட்டரி அளவு, வெப்பநிலை, விசிறி வேகம் ஆகியவற்றை விண்டோஸ் நேரடியாக அறிவதில்லை. மடிக்கணினித் தயாரிப்பாளர் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் ஒரு சிறு மொழியில் எழுதி வைத்திருக்கும் நிரலை ஏசிபிஐ கோப்பு படித்துப் படித்து இயக்கும். அந்த நிரல் மதர்போர்டில் உள்ள எம்பெடெட் கன்ட்ரோலர் என்ற சிறு சில்லுடன் பேசி விடை வாங்கும். அந்தச் சில்லும் மெதுவானது, பேசும் பாதையும் மெதுவானது. எனவே ஏசிபிஐ கோப்பின் பெயரில் தெரியும் தாமதம் உண்மையில் தயாரிப்பாளரின் பயாஸ் நிரலுக்குச் சொந்தமானது. அதைச் சீராக்கும் அதிகாரமும் பயாஸ் அப்டேட்டுக்கே உண்டு.

தங்கள் பதிவில் கோடுகள் ஒரே இடைவெளியில் விழுந்திருப்பது மிக முக்கியமான தடயம். கடிகாரம் வைத்ததுபோல் யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மடிக்கணினியுடன் வந்த கன்ட்ரோல் சென்டர் வகை மென்பொருளோ, வெப்பநிலையைத் திரையின் ஓரத்தில் காட்டும் கருவியோ ஓடுகிறதா என்று பாருங்கள். இவை சில நொடிகளுக்கு ஒருமுறை அந்தச் சில்லைத் தட்டிக்கொண்டிருக்கும். தனி கிராஃபிக்ஸ் சில்லு உள்ள மடிக்கணினி என்றால், உறங்கிக்கொண்டிருக்கும் அதையும் எழுப்பி வெப்பநிலை கேட்கும். ஒவ்வொரு எழுப்பலுக்கும் ஏசிபிஐ நிரல் ஓட வேண்டும்.

இவை எதிலும் பிடிபடாவிட்டால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டரில் ஒரு நிமிடம் பதிவு செய்து, பெர்ஃபார்மன்ஸ் அனலைசரில் திறந்து, டிபிசி மற்றும் ஐஎஸ்ஆர் வரைபடத்தை மாட்யூல், ஃபங்ஷன் வாரியாக விரித்துப் பார்க்கலாம். லேட்டன்சிமான் பாலத்தின் பெயரோடு நின்றுவிடும் இடத்தில், இது பாலத்தின் மேல் சென்ற டிரைவர் வரை கொண்டு போய்விடும். கற்றுக்கொள்ளச் சற்று நேரமாகும். தேவைப்பட்டால் படிப்படியாக எழுதுகிறேன்.

பயாஸ் அப்டேட் செய்வதானால் இரண்டு எச்சரிக்கைகள். சார்ஜர் இணைந்திருக்க வேண்டும், பேட்டரியும் நன்றாக நிறைந்திருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம். அத்துடன், விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸ் மாறியதும் அந்தக் குறியாக்கக் கருவியான பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும் வாய்ப்பு இருப்பதால், அந்த 48 இலக்கச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

முனைவிளக்கு:

லினக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. அங்கே ஒலியைக் கையாளும் பைப்வயர் வழங்கும் டாப் கருவியில் பிழை நெடுவரிசையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் இதே நோய் என்று பொருள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குரிய நிகழ்நேரத் திருத்தம் 2024இல் வெளிவந்த 6.12 பதிப்பில் மூலக் கர்னலோடு சேர்ந்துவிட்டது. அதில் இன்டரப்ட் கையாளும் பெரும்பாலான பகுதிகள் சாதாரண நிரல் இழைகளாக ஓடுவதால், ஒலிக்கு அவற்றைவிட உயர்ந்த முன்னுரிமை கொடுக்க முடிகிறது. சுருதிமீட்டி அவர்கள் கணினியில் நிறுவாமலே இயங்கும் லைவ் யூஎஸ்பியில் லினக்ஸை ஏற்றி, அங்கேயும் சடசடப்பு வருகிறதா என்று பார்த்தால் வன்பொருள் குறையா, விண்டோஸ் டிரைவர் குறையா என்பது தெரிந்துவிடும்.

கணிமுகில்:

ஏற்கத்தக்க சோதனை. ஒரு திருத்தம் மட்டும். சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட் என்று ஒன்று உண்டு. பயாஸே பிராசஸரை நிறுத்தித் தன் வேலையைச் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். எந்த இயங்குதளத்தாலும் அதைத் தடுக்க முடியாது, நிகழ்நேரக் கர்னலும் அதற்கு விதிவிலக்கல்ல. லேட்டன்சிமானில் இன்டரப்டிலிருந்து நிரல் வரையிலான தாமதம் உயர்ந்திருந்து, டிரைவர் பட்டியலில் மட்டும் யாரும் அகப்படாவிட்டால் அந்தப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். எனவே லினக்ஸிலும் சடசடப்பு வந்தால் உடனே வன்பொருள் பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம், பயாஸாகவும் இருக்கலாம்.

சுருதிமீட்டி:

வைஃபை டிரைவரின் தேதியைப் பார்த்தேன். தாங்கள் ஊகித்தபடியே, குறை தொடங்குவதற்குச் சற்று முன்னர் விண்டோஸ் அப்டேட் வழியாகப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. ரோல்பேக் செய்து, ரோமிங் அமைப்பையும் குறைத்தேன். இப்போது வைஃபையில் இருந்தபடியே என்டிஐஎஸ் அரை மில்லிநொடியைத் தாண்டுவதில்லை.

ஒற்றை ‘சட்’டுக்குக் காரணம் மடிக்கணினியோடு வந்த கண்காணிப்பு மென்பொருள்தான். அதன் சேவையை நிறுத்தியதும் செங்குத்துக் கோடுகள் மறைந்துவிட்டன. மறுபடி தொடங்கினால் அதே இடைவெளியில் திரும்ப வருகின்றன. மென்பொருளை நீக்கிவிட்டேன். பேட்டரிக் கருவியை மறுபடி இயக்கிவிட்டேன். பயாஸைத் தொடவில்லை. இரண்டு வகுப்புகளைத் தொடர்ந்து ஒரே சுருதியில் நடத்தி முடித்தேன். ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. ஒரு கவலை மட்டும் மிச்சம் இருக்கிறது: விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடி கொண்டுவந்து போட்டுவிடாதா?

கணிமுகில்:

மிக்க மகிழ்ச்சி. கொண்டுவந்து போடும் வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 11 ப்ரோ என்றால் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று, அப்டேட்டுகளோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்ற விதியை இயக்குங்கள். ஹோம் பதிப்பில் அந்தக் கருவி கிடையாது. டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடித் திறந்து, தயாரிப்பாளர் மென்பொருளைத் தானாகப் பதிவிறக்குவதற்கு ‘இல்லை’ என்று கொடுக்கலாம். ஆனால் இது முதல் முறையளவு உறுதியானதன்று. எந்த முறையைப் பின்பற்றினாலும், இப்போது சரியாக ஓடும் பதிப்பின் எண்ணைக் குறித்து, அதன் நிறுவல் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். வைஃபை டிரைவரில் பாதுகாப்புத் திருத்தங்களும் வரும் என்பதால் ஆண்டுக்கணக்கில் பழையதிலேயே இருந்துவிடுவதும் சரியன்று. புதிய பதிப்பு வரும்போது வகுப்பில்லாத நாளில் நிறுவி, லேட்டன்சிமானில் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாலைக்குயில்:

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் லேட்டன்சிமானை ஓடவிட்டேன். எல்லாம் பச்சையாகவே இருக்கிறது. ஆனாலும் ஹெட்ஃபோனில் கரகரவென்ற ஒலி நிற்கவில்லை. மவுஸை நகர்த்தினால் அந்த ஒலியின் தன்மை மாறுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. வைஃபை டிரைவரை மாற்றிப் பார்க்கலாமா?

கணிமுகில்:

வேண்டாம். தங்களுடையது வேறு வகை. எந்தப் பாட்டும் ஓடாமல், கணினி முழு அமைதியாக இருக்கும்போது ஹெட்ஃபோனை வைத்துக் கேளுங்கள். அப்போதும் கரகரப்பு இருந்தால் டிபிசி தாமதம் காரணமன்று. அமைதியான ஒலித் தரவில் ஒரு துண்டு தவறினாலும் அந்த இடமும் அமைதியாகவே இருக்கும். காதில் எதுவும் விழ வழியில்லை.

சார்ஜரைப் பிடுங்கினால் நிற்பதும், மவுஸ் அசைவுக்கு ஏற்ப மாறுவதும் மின்சாரப் பாதை வழியாக அனலாக் பகுதிக்குள் இரைச்சல் ஏறுவதையே காட்டுகின்றன. சார்ஜரில் மூன்று முள் பிளக் இருந்தும், இணைத்திருக்கும் சுவர்த் துளையில் எர்த் சரியாக இல்லாவிட்டால் இப்படி நேரும். வேறு அறையில், எர்த் உள்ளது என்று எலக்ட்ரீஷியன் சோதித்த துளையில் இணைத்துப் பாருங்கள். மிக்ஸருடனோ பெருக்கியுடனோ கம்பியில் இணைத்திருந்தால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்யுங்கள். பிறகு சார்ஜர் இணைந்த நிலையிலேயே புளூடூத் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதில் இரைச்சல் இல்லாவிட்டால் மின்சார இரைச்சல் என்பது உறுதியாகும். அப்போது பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொல்லக்கூடும். உயிருக்கே ஆபத்தான அந்த வேலையை எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். சோதனை முடிவை இங்கே எழுதுங்கள், அதன்படி அடுத்ததைப் பார்ப்போம்.